பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட்: மூன்று வருடத்துக்குப் பிறகு

எங்கள் வீட்டுக் கணினி 2016இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், பிறகு சேர்த்த ஒரு எஸ்எஸ்டி. இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11 இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேறு கேட்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடியும் என்பதும் அப்போதே தெரிந்திருந்தது. நல்ல நிலையில் இருக்கும் இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. 2022 கடைசியில் விண்டோஸுக்கு மாற்றாக, இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 21 போட்டேன். இப்போது அதே கணினியில் மின்ட் 22 ஓடுகிறது. அப்பா, நான், பள்ளிக்கூடம் போகும் மகள் மூவரும் அதில்தான் உட்காருகிறோம்.

புதிதாகப் போட்ட முதல் வாரத்தில் எழுதும் மதிப்புரைகள் பெரும்பாலும் திரையின் அழகைப் பற்றியே பேசுகின்றன. வீட்டுக் கணினிக்கு அதைவிட முக்கியமான விஷயம், அப்டேட் போட்ட மறுநாள் காலையில் அப்பா மின் கட்டணம் கட்ட உட்கார்ந்தால் எல்லாம் நேற்று இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது. கெட்டுப்போனால் சீக்கிரம் மீட்க முடிய வேண்டும். தமிழில் தடையில்லாமல் தட்டச்சு செய்ய வேண்டும். இவற்றை வைத்துத்தான் தேடினேன்.

லினக்ஸில் பல வகை உண்டு. அவற்றில் ஃபெடோரா எனக்கு மிகவும் பிடித்த தளம், என் வேலை மடிக்கணினியில் அதுதான் இருக்கிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாதம்தான் ஆதரவு. வருடத்துக்கு ஒரு பெரிய மாற்றத்தை வீட்டில் உள்ளவர்கள் மேல் சுமத்த எனக்கு விருப்பமில்லை. டெபியன் 1993இலிருந்து தன்னார்வலர்கள் கட்டிக் காத்துவரும் இன்னொரு லினக்ஸ் தளம். அதன் உறுதியைப் பற்றிச் சந்தேகமே கிடையாது. இன்று யாராவது கேட்டால் அதையும் தயங்காமல் சொல்வேன், ஏனென்றால் 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து வைஃபை போன்றவற்றுக்கு வேண்டிய ஃபர்ம்வேரை, அதாவது அந்தச் சாதனங்களை இயக்கும் மென்பொருளை, நிறுவும் கோப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். நான் தேர்ந்தெடுத்த சமயத்தில் அதைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக்கின் சென்னைக் கிளை உருவாக்கிய பாஸ் லினக்ஸும் பட்டியலில் இருந்தது. அதுவும் டெபியன் வழிவந்ததுதான். ஒரு சிக்கல் வந்தால் விடை தேட இன்னும் பெரிய பயனர் கூட்டம் வேண்டும் என்பதால் விட்டேன்.

கடைசியில் நின்றது இன்னொரு பிரபல லினக்ஸான உபுண்டுவா, மின்ட்டா என்ற கேள்வி. உபுண்டு 22.04இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியையே ஸ்னாப் என்ற, தனக்கு வேண்டியதையெல்லாம் தன்னுள்ளேயே கட்டிவரும் தொகுப்பாக மாற்றியிருந்தார்கள். பழைய கணினியில் கணினியை எழுப்பிய பிறகு முதல் முறை அது திறக்க எடுத்துக்கொண்ட நேரம் எனக்குப் பிடிக்கவில்லை. மின்ட் அதே உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல்தான் கட்டப்படுகிறது, ஆனால் ஸ்னாப்பை ஒதுக்கிவிட்டு ஃபயர்ஃபாக்ஸை வழக்கமான தொகுப்பாகவே தருகிறது. ஆதரவும் ஐந்து வருடம்: 21க்கு 2027 ஏப்ரல் வரை, 22க்கு 2029 ஏப்ரல் வரை. மெனு இடது கீழ்மூலையில் இருக்கிறது, கடிகாரம் வலது மூலையில். அப்பாவுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதே மிகக் குறைவாக இருந்தது.

இத்தனை காலத்தில் நான் அதிகம் நன்றி சொன்னது டைம்ஷிஃப்ட்டுக்குத்தான். கணினியின் நிலையை அப்படியே ஒரு நகலாக எடுத்து வைக்கும் கருவி அது. முதல் நகல் மட்டும் பெரிது. பிறகு வருபவற்றில் மாறிய கோப்புகள் மட்டுமே புதிதாக இடம் பிடிக்கும். ஒருநாள் அப்டேட் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது, யுபிஎஸ் பேட்டரியும் கைகொடுக்கவில்லை. திரும்ப ஆன் செய்தால் கறுப்புத் திரைதான். மின்ட்டை நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவைச் சொருகி அதிலிருந்து கணினியை எழுப்பினேன். டைம்ஷிஃப்ட் அதிலேயே இருக்கிறது. முந்தைய நாள் நகலைத் தேர்ந்தெடுத்து மீட்டேன், ஒரு டீ போட்டுக் குடிக்கும் நேரத்தில் பழையபடி வந்துவிட்டது. மகளின் பள்ளி வேலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இங்கே ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: டைம்ஷிஃப்ட் வழக்கமான அமைப்பில் உங்கள் சொந்தக் கோப்புகளைத் தொடாது. படங்கள், ஆவணங்களுக்குத் தனியாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் வேண்டும்.

தமிழுக்கு வருகிறேன். திரையில் தமிழ் எழுத்து தெளிவாக, உடையாமல் வருகிறது. நோட்டோ எழுத்துருக்களைப் போட்டால் நீண்ட நேரம் படிக்கவும் கண்ணுக்கு இதமாக இருக்கும். தட்டச்சில்தான் கொஞ்சம் கவனம் தேவை. விசைப்பலகை அமைப்புகளில் போய்த் தேடினால் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறை கிடைக்கும், உடனே வேலையும் செய்யும். ஆனால் அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற வெறும் வரைபடம்தான். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி வைப்பது போன்ற தமிழ்99இன் சிறப்பெல்லாம் அதில் கிடைக்காது. 'அம்மா', 'பக்கம்' என்று வேகமாக அடித்துப் பழகியவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல். அதற்கு உள்ளீட்டு முறை அமைப்பில் ஐபஸ் (IBus) என்ற தட்டச்சுக் கருவியைத் தேர்ந்தெடுத்து, பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் (m17n) தொகுப்பை நிறுவி, அதிலுள்ள தமிழ்99ஐச் சேர்க்க வேண்டும். ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் போதும். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்களுக்கும் அதே தொகுப்பில் வழி இருக்கிறது. மகள் அதில்தான் அடிக்கிறாள்.

இன்னொன்று. 2024 ஜனவரியில் வந்த மின்ட் 21.3இல், திரையில் சாளரங்களை வரையும் புதிய அமைப்பான வேலண்டைச் சோதனை அளவில் கொண்டுவந்தார்கள். புதியது என்று ஆசையாக உள்ளே போனால் உள்ளீட்டு முறைகளுக்கு அப்போது அதில் ஆதரவு இருக்கவில்லை, ஐபஸ் வழியாகத் தமிழ் அடிக்கவே முடியவில்லை. நல்லவேளையாக அதே வேலையைச் செய்யும் பழைய எக்ஸ்11தான் இயல்பாக வருகிறது. அதிலேயே இருந்துவிட்டேன். பிற மொழிக்காரர்களும் நாளும் தட்டச்சு செய்கிறார்கள் என்பதை மென்பொருள் எழுதுபவர்கள் முதல் நாளிலேயே நினைக்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

அப்பாவிடம் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த கடிதங்கள் நிறைய இருந்தன. மின்ட்டோடு வரும் இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸில் திறந்தால் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தது. பழைய கணினியிலிருந்த எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து நிறுவியதும் அத்தனையும் தமிழாக வந்துவிட்டது.

21இலிருந்து 22க்கு மாறிய வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தேன். மின்ட் தரும் கருவியே முதலில் நகல் எடுக்கச் சொல்லி, சரிபார்த்து, அப்புறம்தான் தொடங்குகிறது. மறுநாள் வீட்டில் யாரும் வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. எங்கள் பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் அமைப்பது பெரும் பாடு. ஓடிக்கொண்டிருந்தது அப்டேட்டுக்குப் பின் நின்றும் போனது. கடைசியில் வேறு பிரிண்டருக்கு மாறினோம். புதிதாக வாங்குபவர்கள் டிரைவரே தேவைப்படாத ஏர்பிரின்ட் வகையைப் பார்த்து வாங்கினால் நிம்மதி. வெளியிலிருந்து வரும் வேர்ட் கோப்புகளில் நிர்மலா, லதா எழுத்துருக்கள் இருந்தால் இங்கே வேறு எழுத்துரு போட்டுத் திறக்கும், பக்கங்கள் இடம் மாறும். திருப்பி அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறேன்.

கடைக் கணக்கை டேலியில் வைத்திருப்பவர்கள், பேஜ்மேக்கரில் அச்சு வேலை செய்பவர்கள் விண்டோஸை அழிக்க வேண்டாம். இணையத் தேர்வு எழுதும் பிள்ளைகள் இருந்தால், தேர்வு நடத்துபவர்கள் எந்த இயங்குதளம் கேட்கிறார்கள் என்று முன்கூட்டியே பாருங்கள். சிலர் விண்டோஸை மட்டும்தான் ஏற்கிறார்கள்.

போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு: மின்ட்டுக்குக் குறைந்தது 2 ஜிபி ரேம் என்று சொல்கிறார்கள், 4 ஜிபியாவது இருந்தால்தான் இன்றைய இணையப் பக்கங்கள் ஓடும். மின்ட் வெவ்வேறு திரை அமைப்புகளோடு வருகிறது. அந்த அளவில் சின்னமனை விட, இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நல்லது. பதிவிறக்கியதும், கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் ஷா256 (SHA256) சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். 2016 பிப்ரவரியில் மின்ட்டின் இணையதளத்துக்குள் யாரோ புகுந்து, பின்கதவு வைத்த ஒரு கோப்புக்கு இணைப்பை மாற்றியிருந்தார்கள். அப்புறம், நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, ஒலி, வெப்கேம், பிரிண்டர் நான்கையும் சோதியுங்கள். அதில் ஓடாத எதுவும் நிறுவிய பிறகு தானாகச் சரியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.