பிளாக்பிங்க்கின் 'பார்ன் பிங்க்': ஆல்பமும் மேடையும்

பிளாக்பிங்க் என்ற நால்வர் கொண்ட கொரியப் பெண்கள் பாப் குழுவின் 'பார்ன் பிங்க்', 2022 செப்டம்பரில் வந்த ஆல்பம், மொத்தமே எட்டுப் பாட்டு, அரை மணி நேரம்கூட இல்லை. அவ்வளவு நாள் காக்க வைத்துவிட்டு இவ்வளவுதானா என்ற குறை எனக்கு இன்னும் உண்டு. ஆனால் 'பிங்க் வெனம்' தொடங்கும்போது கொமுங்கோ என்ற கொரியத் தந்திக்கருவி டொங்கென்று அதிரும் பாருங்கள், அதை நல்ல ஹெட்போனில் கேட்டே ஆக வேண்டும். 'ஷட் டவுன்' பாட்டில் பழைய இத்தாலிய வயலின் மேதை பகானினியின் இசையை எடுத்து ராப்போடு கோத்திருப்பது அதைவிடப் பிடித்தது. நால்வரில் ஒருவரான ரோஸே தனியாகப் பாடும் 'ஹார்ட் டு லவ்' சுமார்தான்.

அப்புறம் மேடை. 2022 அக்டோபரில் தென்கொரியத் தலைநகர் சியோலில் தொடங்கிய சுற்றுப்பயணம் கண்டம் கண்டமாகப் போய், அடுத்த செப்டம்பரில் சியோலிலேயே முடிந்தது. நடுவில் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழா. அதில் தலைமை நிகழ்ச்சி நடத்திய முதல் கொரியக் குழு இவர்கள்தான். பின்னால் பழைய கொரிய ஓட்டுக்கூரை வடிவம், நால்வர் மேலும் ஹான்போக் என்ற கொரிய மரபு உடையின் பாணியில் அங்கி, அதைக் கழற்றிவிட்டு ஆடத் தொடங்கியபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஸ்டுடியோவில் தட்டையாகக் கேட்ட பாட்டுகூட அங்கே வாத்தியக் குழுவோடு உயிர் பெறுகிறது, அதனால் ஆல்பத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள், மேடைப் பதிவையும் பாருங்கள்.