ஸ்டெப்னியையும் சேர்த்து வீல் மாற்றக் கொடுக்கிறீர்களா? பக்கத்திலேயே நில்லுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் இது. சமீபத்தில் ஏதாவது டயர் கடையில் வீல் ரொட்டேஷன் (டயர்கள் ஒன்றுபோலத் தேய்வதற்காக வீல்களை இடம் மாற்றிப் போடுவது) செய்திருந்தால், வாசித்து முடித்ததும் ஸ்டெப்னியை வெளியே எடுத்து நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். எங்கள் ஸ்டெப்னியில் இருந்த புது டயரை நாகர்கோவிலில் ஒரு கடையில் உருவிக்கொண்டார்கள். அதே ரிம்மில் ஒரு கிழட்டு டயரை மாட்டி டிக்கியில் படுக்க வைத்துவிட்டு, அந்த வேலைக்கு எங்களிடமே காசும் வாங்கினார்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தாலே மற்றவர்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

போன தடவை டயர் தேய்ந்தபோது நாலுக்குப் பதிலாக அஞ்சு டயர் வாங்கினோம். காரணம் இருந்தது. வண்டியோடு வந்த பழைய ஸ்டெப்னி ஒருநாள்கூட ரோட்டில் ஓடவில்லை. ஆனாலும் பக்கச்சுவரில் வெடிப்பு விழுந்து உபயோகமில்லாமல் போயிருந்தது. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகும், கெட்டியாகும். ஆறு வருஷமானால் மாற்றிவிடுங்கள் என்று சில கார் கம்பெனிகள் சொல்கின்றன. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பத்து வருஷத்துக்குமேல் ஓட்டவே கூடாது என்பது டயர் கம்பெனிகள் சொல்லும் கணக்கு, அதில் ஸ்டெப்னியும் சேர்த்தி. சும்மா கிடந்து வீணாகப் போகிற டயரை ஏன் ஓடவிடக் கூடாது? நாலு டயர் 40,000 கிலோமீட்டர் தாங்குமென்றால், அஞ்சையும் மாற்றி மாற்றி ஓட்டினால் அதே டயர்களில் 50,000 வரை போகலாம். அஞ்சும் ஒன்றுபோலத் தேய்வதால், வழியில் ஸ்டெப்னி போட வேண்டி வந்தாலும் ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் புதுசு என்ற நிலை வராது.

எல்லா வண்டிக்கும் இது சரிப்படாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டெப்னி மற்ற நாலின் அதே அளவாக, அதே ரகமாக இருக்க வேண்டும். இப்போது நிறைய வண்டிகளில் ஓடுகிற நாலும் அலாய், டிக்கியில் இருப்பது அதைவிடச் சின்ன இரும்பு வீல். '80-க்குமேல் ஓட்டாதே' என்று அதன்மேல் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். அது அவசரத்துக்கு மட்டும், ரொட்டேஷனில் சேர்க்கவே கூடாது. ஒரே திசையில் மட்டும் சுற்ற வேண்டிய, பக்கத்தில் அம்புக்குறி போட்ட டயர் என்றால் இஷ்டத்துக்கு இடவலம் மாற்ற முடியாது. வீலுக்குள் காற்றளவு காட்டும் சென்சார் உள்ள வண்டிகளில், ஸ்டெப்னியில் பெரும்பாலும் அது இருக்காது; மாட்டினால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். 2020-ல் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு, ட்யூப்லெஸ் டயரும் அந்தச் சென்சாரும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னியே இல்லாமல் கார் விற்கலாம் என்றாகிவிட்டது. உங்கள் டிக்கியில் எது இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது அஞ்சும் ஒரே அளவு, அஞ்சும் இரும்பு ரிம், சென்சார் கிடையாது.

பத்தாயிரம் கிலோமீட்டர் ஆனதும் அந்தக் கடைக்குக் கொண்டுபோனேன். அஞ்சு வீலும் மாற்றணும், ஸ்டெப்னியும் சேர்த்து என்று தெளிவாகச் சொன்னேன். "ஆமா சார், அஞ்சும் போட்டிருவோம், நீங்க உள்ள ஏசில இருங்க" என்றார் மேனேஜர். வேலை நடக்கிற இடத்துக்குள் வாடிக்கையாளர் வரக்கூடாது என்று போர்டு வேறு. பில்லில் 'ஐந்து வீல் ரொட்டேஷன், ஐந்து வீல் பேலன்சிங், அலைன்மென்ட்' என்று தெளிவாக அச்சடித்துத் தந்தார்கள். பேலன்சிங் என்பது சுற்றும்போது வீல் அதிராமல் எடையைச் சமன் செய்வது, அலைன்மென்ட் என்பது வீல்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது.

ஆடி மாசம் அம்மாவைக் கண் பரிசோதனைக்காகத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனோம், அத்தானும் கூட வந்தார். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே பின்வீல் பஞ்சர். அந்த மாசத்தில் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் லாரி போகும்போதெல்லாம் வண்டி ஆடியது, அம்மா உள்ளே பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டெப்னியைத் தூக்கி வெளியே வைத்ததும் அத்தான், "இது நம்ம டயரா?" என்று கேட்டார். வேறு கம்பெனி டயர். பளபளவென்று கறுப்பாக இருந்தது, பாலிஷ் அடித்திருக்கிறார்கள். நகத்தால் சுரண்டினால் விரலெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புக்கு அடியில், வற்றின குளத்துச் சேறு வெடித்த மாதிரி பக்கச்சுவர் முழுக்க வெடிப்பு. டயரில் அச்சாகியிருந்த தேதி எண் 2615. அதாவது 2015-ஆம் வருஷம் 26-ஆவது வாரம் செய்த டயர்.

போதாததற்கு வீல் நட்டும் கழலவில்லை. காற்றுத் துப்பாக்கியால் மூச்சு முட்ட முறுக்கி விட்டிருந்தார்கள். ஸ்பேனரில் ஏறி நின்று மிதித்தும் அசையவில்லை. ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு பஞ்சர் கடைக்காரரைப் போன் பண்ணி வரவழைத்தோம். வயசானவர். ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி நட்டைத் திருப்பினார். பிறகு அந்தக் கிழட்டு ஸ்டெப்னியைச் சாய்த்துப் பிடித்து, ரிம் விளிம்பில் பெயிண்ட் புதிதாக உரிந்திருந்த இடத்தையும், டயரை ரிம்மில் ஏற்றும்போது வழுக்குவதற்காகத் தடவும் சோப்பு ஓரத்தில் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்ததையும் காட்டினார். "மக்கா, வீலை இடம் மாத்துகதுக்கு டயர ரிம்முலருந்து கழத்தவே வேண்டாம். இது மெஷின்ல போட்டுக் கழத்துனதாக்கும். உனக்க டயர எடுத்துட்டானுவ" என்றார். ஸ்டெப்னியை மாட்ட வேண்டாம் என்று அவரே தடுத்து, ஓடின டயரிலேயே பஞ்சர் ஒட்டிக் கொடுத்தார். அவர் சொன்ன அந்த ஒரு விஷயம்தான் பிறகு எங்களுக்குப் பெரிய துணையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மற்ற வீல்களையும் பார்த்தோம். முன்னிழுப்பு வண்டியில், அதாவது எஞ்சின் முன்வீல்களைச் சுற்றி ஓட்டுகிற வண்டியில், அஞ்சு வீல் மாற்றும் வழக்கமான முறை இது: முன் இடது நேரே பின் இடதுக்குப் போகும். பின்வீல் ரெண்டும் குறுக்கே மாறி முன்னால் வரும். ஸ்டெப்னி பின் வலதில் இறங்கும், முன் வலதில் ஓடினது டிக்கிக்குப் போகும். அப்படியானால் வேலை முடிந்ததும் டிக்கியில் இருக்க வேண்டியது ஓடித் தேய்ந்த டயர். பின் இடதில் இருந்தது முன் வலதுக்கு வந்திருக்க வேண்டும். எங்கள் பின் இடது டயரில் பிளாட்பாரக் கல் உரசின தழும்பு ஒன்று உண்டு. அது அசையாமல் பின் இடதிலேயே இருந்தது. ஒரு வீலைக்கூட இடம் மாற்றவில்லை. அவர்கள் டயரைக் கழற்றி மாட்டின ஒரே வீல் ஸ்டெப்னிதான், அதுவும் திருடுவதற்காக.

கடையில் போய்க் கேட்டபோது பதில் நேரத்துக்கு நேரம் மாறியது. முதலில், "ஸ்டெப்னிய ரொட்டேஷன்ல சேத்தா வண்டி ஒரு பக்கமா இழுக்கும் சார், அதனால நாங்க தொடமாட்டோம்" என்றார் மேனேஜர். அப்போ பில்லில் ஏன் அஞ்சு என்று கேட்டால், கம்ப்யூட்டர் அப்படித்தான் அடிக்குமாம். அஞ்சு டயருக்கும் சீரியல் எண் எழுதின பழைய பில்லை மேஜையில் வைத்த பிறகு, நீங்க வேற எங்கயாவது மாத்தியிருப்பீங்க என்று ஆரம்பித்தார். கேமரா பதிவைக் கேட்டோம், அழிந்துவிட்டது என்றார்கள். பேலன்ஸ் சரியாகப் பார்த்த, ஒரே அளவு ஸ்டெப்னியைச் சேர்ப்பதால் எந்த வண்டியும் இழுக்காது. பல கார்களின் கையேட்டில் அஞ்சு வீல் ரொட்டேஷனுக்குப் படமே போட்டிருப்பார்கள்.

எனக்குப் பணம் போனதைவிட மற்றதுதான் ஆறவில்லை. ரெண்டு மழைக்காலமும் உள்ள மாவட்டம் இது. ராத்திரியில், மழையில், அந்த வெடித்த டயரை மாட்டிக்கொண்டு ஒருவர் நாலுவழிச்சாலையில் நூறில் போனால் என்ன ஆகும் என்று அதை டிக்கியில் வைத்தவனுக்குத் தெரியும். டயர் தொழில் செய்கிறவனுக்குத் தெரியாமல் இருக்காது.

அதனால் ரொட்டேஷனுக்கு விடும்முன் அஞ்சு டயரின் தேதி எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில டயரில் அது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், வெளிப்பக்கம் தெரியாவிட்டால் உள்பக்கம் பாருங்கள். ஒவ்வொரு வீலிலும் சாக்பீஸால் இடத்தை எழுதிவிட்டு, வேலை முடிகிறவரை அங்கேயே நில்லுங்கள். நிற்கக் கூடாது என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள். நேர்மையாக, கண்முன்னால் செய்து தருகிற கடைகள் நம் மாவட்டத்தில் எத்தனையோ உண்டு. கடைசியில் நட்டைக் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து முறுக்கும் ஸ்பேனர்) முறுக்கச் சொல்லுங்கள். இன்னோவா, எர்டிகா மாதிரி ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்குகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் அதை இறக்கும் சங்கிலி துருப்பிடித்து இறுகிவிடும், வருஷக்கணக்காக யாரும் இறக்கிப் பார்ப்பதே இல்லை. டயரை மாற்றி வைத்தால்கூடத் தெரியாது.

நாங்கள் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். கடை மசியாததால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். வக்கீல் கட்டாயமில்லை, அஞ்சு லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. டயர் வாங்கிய பில், ரொட்டேஷன் பில், தேதி எண் தெரியும் படங்கள் ஆகியவற்றைச் சேர்த்திருக்கிறோம்; அந்தக் கிழட்டு டயரையும் ரிம்மோடு அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறோம். இதேபோல ஏமாந்தவர்கள் ஆத்திரத்தில் அந்த டயரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். நடந்து ரெண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம், எனவே போன வருஷம் செய்த ரொட்டேஷனுக்கும் இன்னும் காலம் இருக்கிறது.