ரசீதில் என் பூனைகள் ‘இதர சாமான் – 2’

கடந்த மே மாதம் சென்னை பெரம்பூரிலிருந்து கோயம்புத்தூருக்கு வீடு மாற்றியபோது, எங்கள் பூனைகள் முத்துவையும் கருப்பியையும், வீட்டுச் சாமான்களை ஏற்றிச் செல்லும் நிறுவனத்திடமே ஒப்படைத்தேன். செல்லப் பிராணிகளுக்கெனக் குளிரூட்டப்பட்ட தனி வண்டியும் பழகிய ஆளும் உண்டு என்று தொலைபேசியில் உறுதியளித்து, அதற்கு மட்டும் 9,000 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். இதே பேச்சை நம்பி இன்னொருவர் ஏமாறக்கூடாது என்பதற்காகவே நடந்ததை எழுதுகிறேன்.

சாமான் ஏற்றும் நாளில் லாரி மட்டுமே வந்தது. “ஏசி வண்டி தாம்பரத்துல நிக்குதும்மா, அங்க மாத்திக்குவோம்” என்றார் மேற்பார்வையாளர். பூனைகளை வைத்து எடுத்துச் செல்லும் கூண்டுப் பெட்டியான கேரியர் ஒன்றை நான் வாங்கி வைத்திருந்தும், அதில் இரண்டும் நெருக்கியடித்துக்கொள்ளும் என்று சொல்லி, காய்கறிக் கடையில் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றின்மேல் இன்னொன்றைக் கவிழ்த்து, நைலான் கயிற்றால் கட்டி, இரண்டையும் அதற்குள் ஒன்றாகவே அடைத்தார்கள். அந்த இடத்திலேயே நான் மறுத்திருக்க வேண்டும். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன்.

சுமார் 500 கிலோமீட்டர் தொலைவு கடந்து லாரி மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தது. தாம்பரத்தில் எந்த வண்டியும் மாறவில்லை. கிரேட், பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவே தார்ப்பாயின் கீழ் இருந்தது. கருப்பி நாயைப்போல வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தாள். எச்சில் வழிந்து அவள் மார்பு மயிர் திரிதிரியாக ஒட்டியிருந்தது. வீட்டுக்குள் கொண்டுபோய்த் திறக்கும்படி நான் சொல்லி முடிப்பதற்குள் ஓர் ஆள் தெருவிலேயே கயிற்றை அறுக்க, முத்து பாய்ந்து மறைந்துவிட்டான்.

பூனை வாய் திறந்து மூச்சிரைப்பது சாதாரணக் களைப்பன்று, உடனே சிகிச்சை தேவைப்படும் அபாய அறிகுறி என்று கால்நடை மருத்துவர் கூறினார். வழியில் கத்தாமலிருக்க ஏதோ மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்ததாக ஓட்டுநர் பிறகு ஒப்புக்கொண்டார். அதன் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை. மயக்கம் தரும் மருந்துகள் சில, பூனையின் அச்சத்தைக் குறைக்காமல் உடலை மட்டும் தளர்த்திவிடும். இரத்த அழுத்தத்தையும் உடல் வெப்பக் கட்டுப்பாட்டையும் பாதிக்கும். பயணத்துக்கு மருந்து தேவையென்றால், பூனையைப் பரிசோதித்து எடைக்கேற்ப மருத்துவர்தான் தர வேண்டும். கருப்பி இரண்டு நாள் எதையும் உண்ணவில்லை. பூனைகள், குறிப்பாகக் கொழுத்தவை, சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால், ஊசியில்லாத சிரிஞ்சால் திரவ உணவு புகட்டினோம்.

முத்துவைத் தேடி முதல் இரண்டு நாள் தெருத்தெருவாக அலைந்தது வீண். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை புது இடத்தில் தப்பினால் பெரும்பாலும் தொலைவுக்கு ஓடாது. அருகிலேயே ஒடுங்கிக்கொண்டு, கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. நான்காம் இரவு, தெரு அடங்கிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோது, மூன்றாவது வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இரண்டு கண்கள் பச்சையாக மின்னின.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது அவர்கள் காட்டியது ரசீதைத்தான்: ‘இதர சாமான் – 2’. பூனை என்ற சொல்லே அதில் இல்லை. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி பூனையை அனுப்ப மருத்துவரின் உடல்நலச் சான்றிதழ் வேண்டும். அதை அவர்கள் கேட்காதபோதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்.

வேறு வழியிருந்தால் பூனைகளை யாரிடமும் கொடுக்காமல் உங்களுடனேயே காரில் அழைத்துச் செல்லுங்கள். பூனைக்கொரு கெட்டியான கேரியர் வாங்கி, இரண்டு மூன்று வாரம் முன்பே திறந்து வைத்து, பழைய துண்டு விரித்து அதிலேயே உணவு வைத்துப் பழக்குங்கள். சாமான் ஏற்றும்போது அவற்றை ஓர் அறையில் பூட்டி, கதவில் ‘உள்ளே பூனை’ என்று எழுதி ஒட்டுங்கள். புது வீட்டிலும் முதலில் ஓர் அறை போதும். மலசலம் கழிக்க மணல் தட்டு, தண்ணீர், துவைக்காத பழைய போர்வை ஆகியவற்றை முன்கூட்டியே அங்கே வைத்துவிட்டு, கதவைச் சாத்திய பிறகே கேரியரைத் திறக்க வேண்டும். முத்துவையும் கருப்பியையும் அப்படித்தான் ஓர் அறையில் வைத்தேன். பத்தாம் நாள்தான் கருப்பி தானாகக் கூடத்துக்கு வந்தாள்.