காலி செய்த வீட்டின் மின், கேஸ் பாக்கி: பிரிட்டனில் எந்த வழியில் போவது?

வீடு மாறிப் பல மாதங்கள் ஆன பிறகு, பேர் தெரியாத ஒரு வசூல் ஏஜென்சியிடமிருந்து கடிதம் வருகிறது. பழைய முகவரியில் மின்சாரமும் கேஸும் சேர்த்து 640 பவுண்டு பாக்கி, உடனே கட்டுங்கள் என்கிறது. பிரிட்டனில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் பலர் பயந்து கட்டிவிடுகிறார்கள். சிலர் குப்பையில் போடுகிறார்கள். கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய வழிகள் இருக்கின்றன. குப்பையில் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

வழியைத் தேர்வதற்கு முன் தகராறு எதைப் பற்றியது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாக்கி நீங்கள் குடியிருந்த காலத்துக்கு உரியதா? யூனிட் கணக்கு சரியா? எவ்வளவு பழைய பாக்கி? ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேறு, பலன் தரும் வழியும் வேறு.

கம்பெனியிடம் புகார், பிறகு ஆம்புட்ஸ்மன்

பெரும்பாலான தகராறுகளுக்கு இதுவே முதல் தேர்வு. செலவு கிடையாது. மின் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தலைப்பிலேயே ‘புகார்’ என்ற சொல் இருக்கட்டும். வெறும் விசாரணையாகப் பதிந்துவிட்டால் நாள் கணக்கு ஓடத் தொடங்காது. 8 வாரத்தில் தீராவிட்டாலோ, ‘இதற்கு மேல் எங்களால் எதுவும் செய்ய முடியாது’ என்ற இறுதிக் கடிதம் அதற்கு முன்பே வந்துவிட்டாலோ, எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் (மின், கேஸ் நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் சுயேச்சையான அமைப்பு) போகலாம். இறுதிக் கடிதம் வந்தால் 12 மாதத்துக்குள் போக வேண்டும். அவர் முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். பிடிக்காவிட்டால் ஏற்காமல் விட்டு, நீதிமன்றம் போகும் உரிமையை வைத்துக்கொள்ளலாம்.

புகாரில் என்ன வைக்க வேண்டும்? யார் காலம் என்ற தகராறு என்றால் வாடகை ஒப்பந்தம், செக்-அவுட் அறிக்கை (காலி செய்யும்போது வீட்டின் நிலையைப் பதியும் அறிக்கை), டெபாசிட் திரும்பி வந்த ரசீது, எல்லாவற்றுக்கும் மேலாக கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) இறுதிக் கணக்கு. இந்தக் கடைசி ஆதாரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்காரரும் ஏஜெண்டும் தேதியை மாற்றிச் சொல்லலாம். கவுன்சில் போட்ட தேதியை மறுப்பது கம்பெனிக்குக் கஷ்டம். நீங்கள் போனதற்கும் அடுத்த ஆள் வந்ததற்கும் நடுவில் வீடு காலியாக இருந்தால் அந்தக் காலச் செலவு வீட்டு உரிமையாளருடையது. ஆனால் சாவியை 20ஆம் தேதி கொடுத்து, ஒப்பந்தம் 31இல் முடிந்திருந்தால் கம்பெனி 31ஐத்தான் பிடிக்கும். அந்தப் பதினொரு நாளுக்காகச் சண்டை போடுவது வீண்.

யூனிட் தகராறுதான் நுணுக்கமானது. நீங்கள் கிளம்பிய நாளில் ரீடிங் எடுக்கப்படாவிட்டால் கம்பெனி மதிப்பீடு போட்டுக் கணக்கை முடித்திருக்கும். பில்லில் அந்த ரீடிங்குக்குப் பக்கத்தில் மதிப்பீடு என்று குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செக்-அவுட் அறிக்கையில் மீட்டர் படம் இருந்தால் அதில் உள்ள மீட்டர் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பெரிய வீட்டை ஃப்ளாட்டுகளாகப் பிரித்த கட்டடங்களில் மேல் மாடி மீட்டர் கீழ் வீட்டுக் கணக்கில் ஏறியிருப்பது அடிக்கடி நடப்பது.

கேஸில் இன்னொரு பிழை உண்டு. பழைய மீட்டர்கள் நூறு கன அடியை ஓர் அலகாக எண்ணும், புதியவை கன மீட்டரில் எண்ணும். முந்தைய அலகைக் கன மீட்டராக்க 2.83ஆல் பெருக்க வேண்டும். கன மீட்டர் கருவியைக் கம்பெனி தவறாகப் பழைய வகை என்று பதிந்திருந்தால், உங்கள் கேஸ் உபயோகம் கிட்டத்தட்ட மூன்று மடங்காக ஏறிவிடும். சோதிப்பது சுலபம். ஒரு கன மீட்டர் கேஸ் ஏறத்தாழ 11 கிலோவாட்-மணி. மீட்டர் முகப்பில் கன மீட்டர் குறி இருந்து, 200 அலகு ஓடியிருந்தால் பில்லில் சுமார் 2,200 கிலோவாட்-மணி இருக்க வேண்டும். 6,300 பக்கம் இருந்தால் பிழை அங்கேதான்.

பழைய பாக்கி: 12 மாத விதி

2018 மே 1 முதல் நடப்பில் உள்ள விதி இது. கம்பெனி தன் தவறால் சரியான பில் போடாமல் விட்டிருந்தால், பில் போடும் நாளுக்கு 12 மாதத்துக்கு முந்தைய உபயோகத்துக்குப் பணம் கேட்க முடியாது. வீட்டை விட்டுப் போனவருக்கு இதன் பலம் அதிகம். 2024 ஜூனில் காலி செய்தீர்கள், முதல் பில்லே 2025 நவம்பரில் வந்தது என்றால் மொத்தத் தொகையும் விதிக்குள் விழுகிறது. இதைச் சொல்ல ஆம்புட்ஸ்மன் வரைகூடப் போக வேண்டியதில்லை. விதியைக் குறிப்பிட்டு ஒரு புகார் எழுதினாலே பல நேரம் தொகை நீங்கிவிடும்.

இது செல்லாத இடங்களும் தெரிந்திருக்க வேண்டும். உரிய காலத்தில் பில் வந்து நீங்கள் கட்டாமல் விட்டிருந்தால் இந்த விதி உதவாது. மீட்டர் பார்க்க வந்தவரைத் திரும்பத் திரும்பத் தடுத்திருந்தாலும் அப்படியே. புது முகவரி கொடுக்காமல் போய், பில் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தால் உங்கள் வாதம் வெகுவாகப் பலவீனமாகும். இதையும் கடன் காலாவதியையும் (வழக்குப் போட்டு வசூலிக்க உள்ள காலக்கெடு) குழப்பிக்கொள்ளாதீர்கள். முறையாகப் பில் போட்ட பாக்கிக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 6 ஆண்டு, ஸ்காட்லாந்தில் 5 ஆண்டு. அந்தக் காலம் முடிவதற்குள் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ கொஞ்சம் கட்டினாலோ கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ‘இப்போதைக்கு 10 பவுண்டு கட்டுங்கள்’ என்று ஏஜென்சி போனில் கேட்டால் அவசரப்பட்டுச் சரி சொல்லாதீர்கள்.

ஏஜென்சியிடம் பேரம்

பாக்கி உங்களுடையதுதான், தொகையும் சரி, மொத்தமாகக் கட்டத்தான் முடியவில்லை என்றால் மட்டும் இது நல்ல வழி. தவணை கேட்கலாம், குறைந்த தொகைக்கு முடிக்கக் கேட்கலாம். எதையும் எழுத்தில் வாங்குங்கள். தகராறு உள்ள பாக்கியை ஏஜென்சியிடம் வாதாடுவதில் பயனில்லை. அவர்களிடம் மீட்டர் விவரம் இருக்காது, ரீடிங்கைத் திருத்தும் அதிகாரமும் கிடையாது. கடன் இன்னும் கம்பெனியிடமா, விற்கப்பட்டுவிட்டதா என்று கேட்டுவிட்டு, கம்பெனியில் புகார் நிலுவையில் இருப்பதைத் தெரிவித்து வசூலை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். இவர்கள் நீதிமன்ற அமலாக்க அதிகாரிகள் அல்லர். வீட்டுக்குள் நுழைய உரிமை இல்லை.

கட்டிவிட்டுக் கேட்பது

சிறு தொகை, சீக்கிரம் மார்ட்கேஜுக்கு (வீட்டுக் கடன்) விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் இது நியாயமான தேர்வு. கடன் வரலாற்றில் ஏறும் ‘டிஃபால்ட்’ (கட்டத் தவறினார் என்ற) பதிவு 6 ஆண்டு நிற்கும். ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று எழுதி அனுப்பிவிட்டுக் கட்டுங்கள். புகார் உரிமை அப்படியே இருக்கும். பெரிய தொகைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். கையை விட்டுப் போன பணத்தைத் திரும்பத் தருவதில் கம்பெனிக்கு எந்த அவசரமும் இருக்காது.

நீதிமன்றத்தில் எதிர்ப்பது

நாமாகத் தேடிப் போகும் வழி இது இல்லை. ஆனால் வழக்குக்கு முந்தைய கடிதமும் பதில் படிவமும் வந்துவிட்டால் 30 நாளுக்குள் படிவத்தை நிரப்பி, தகராறு உள்ளது என்று குறித்து, ஆவணங்களைக் கேட்டு அனுப்ப வேண்டும். அதே நாளில் கம்பெனியிலும் புகார் பதியுங்கள். வழக்கு தொடங்கிவிட்டால் ஆம்புட்ஸ்மன் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கிலாந்து, வேல்ஸில் கோர்ட் சம்மன் வந்தால் பதில் தர 14 நாள். பெற்றுக்கொண்டதாகப் பதிந்தால் எதிர்வாதத்துக்கு 28 நாள் கிடைக்கும். பேசாமல் இருந்தால் விசாரணையே இல்லாமல் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வரும். அதை ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டினால் தீர்ப்புகளின் பதிவேட்டிலிருந்து நீங்கும், இல்லாவிட்டால் 6 ஆண்டு இருக்கும்.

சம்மன் பழைய முகவரிக்குப் போய், தீர்ப்பு வந்த பிறகுதான் தெரியவருகிறது என்றால் N244 என்ற நீதிமன்றப் படிவத்தில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்குக் கட்டணமே 300 பவுண்டுக்கு மேல். தெரிந்தவுடன் தாமதிக்காமல் போட வேண்டும், சம்மன் ஏன் கைக்கு வரவில்லை என்பதற்கும் பாக்கி ஏன் உங்களுடையது இல்லை என்பதற்கும் தனித்தனியே ஆதாரம் இணைக்க வேண்டும்.