கானாடுகாத்தான் வீட்டு விடுதியில் இரண்டு இரவு

முப்பது ஆண்டுகளாக மதுரையில் கொத்து வேலை பார்க்கிறேன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். சென்ற மாதம் மனைவியோடு செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய ஒரு நகரத்தார் வீட்டில் தங்கினேன்.

இந்த வீடுகள் பிரித்துக்கொள்வதற்கென்றே கட்டப்பட்டவை. வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றி வரிசையாக அறைகள். மகனுக்குத் திருமணமானதும் 'வேறு வைத்து'விடுவார்கள்: ஒரே கூரை, தனி அடுப்பு. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபின் நகரத்தார் அங்கே நடத்திவந்த வட்டித் தொழில் முறிந்தது, பிள்ளைகள் திசைக்கொருவராகப் போனார்கள். வெறுமையாகக் கிடந்த அதே அறைகளில்தான் இன்று விருந்தினர் படுக்கிறார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது உள்ளும் வெளியுமாக இரண்டு அறை. உள்ளறையைக் குளியலறை ஆக்கியிருக்கிறார்கள். அந்த வேலையைக் குனிந்து நெடுநேரம் பார்த்தேன். பழைய தரையைத் தொடாமல் அதன்மேல் ஓர் அடி மேடை எழுப்பி, கழிவுக் குழாயை அதற்குள் ஓட்டி, பின்சந்து வழியாக வெளியே விட்டிருக்கிறார்கள். நாளை குளியலறை வேண்டாமென்றால் மேடையை எடுத்துவிட்டுப் பழைய அறையைத் திரும்பப் பெறலாம். செய்த கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தப் படி சிரமம்தான்.

வருத்தம் முகப்பில். அங்கே சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்த சுவர்; கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கிறது. அதன் அடிப்பகுதியில் இடுப்பளவுக்கு யாரோ சிமெண்ட் பூசிவிட்டார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதன் மூச்சை அடைத்துவிடும். இப்போது உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. விரலால் தட்டினால் உள்ளே பொள்ளல். செதுக்கி எடுத்துச் சுண்ணாம்பே பூசுங்கள், சுவர் பிழைத்துக்கொள்ளும் என்று மேலாளரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் ஆசிட் ஊற்றுவதில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறார்கள். குழிப்பணியாரமும் கவுனி அரிசியும் நன்றாக இருந்தன.

வளவில் ஓர் அறை மட்டும் பூட்டியே இருக்கிறது. பங்காளிகள் படைப்புக்கு, அதாவது முன்னோருக்குப் படையலிட்டுக் கும்பிட, வரும்போதுதான் அதைத் திறப்பார்களாம். அந்த நாள்களில் விருந்தினருக்கு இடமில்லை. தேதியைக் கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள்.