“கண்ணை மூடித் திறந்தால் முடிந்துவிடும்” என்று 16,500 ரூபாய் வாங்கினார்கள். கண் மூடவே இல்லை

கோபத்தில்தான் எழுதுகிறேன். வயிறு இன்னும் உப்பிக்கொண்டுதான் இருக்கிறது. கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற பரிசோதனை) செய்துகொள்ளப் போகிறவர்கள், முக்கியமாக ‘மயக்கத்தோடு சேர்த்து பேக்கேஜ்’ என்று பணம் கட்டப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். இடத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் நான்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். கோயம்புத்தூரில் ஒரு தனியார் வயிறு, குடல் சிகிச்சை மையம். வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே காபி மெஷின். அவ்வளவு போதும்.

மலத்தில் ரத்தம் வந்ததால் எங்கள் குடும்ப டாக்டர் எழுதிக்கொடுத்த பரிசோதனை இது. தேவையானதுதான். என் கதையைப் படித்துப் பயந்து யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

கவுன்டரில் இரண்டு ரேட் சொன்னார்கள். மயக்கம் இல்லாமல் 9,500, மயக்கத்தோடு 16,500. வித்தியாசம் 7,000 ரூபாய். என் வீட்டுக்காரர் தயங்கினார். நான் டாக்டரிடமே கேட்டேன்: “எனக்கு எதுவும் தெரியக் கூடாது டாக்டர். வலின்னா எனக்கு ரொம்ப பயம்.” அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “அனஸ்தீசியா டாக்டரே வந்து ஊசி போடுவாரும்மா. கண்ணை மூடித் திறந்தா முடிஞ்சிருக்கும். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் செஞ்சேன்.” அம்மா பெயரைச் சொன்ன பிறகு அதற்கு மேல் என்ன கேட்பது? 16,500 ரூபாயை அங்கேயே கட்டினோம்.

முதல் நாள் குடலைச் சுத்தமாக்குகிற அந்தப் பவுடரை லிட்டர் கணக்கில் கரைத்துக் குடித்ததையும், விடிய விடிய பாத்ரூமுக்கு ஓடியதையும் விடுங்கள், அது எல்லோருக்கும் உள்ளது.

உள்ளே இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொன்னார்கள். கையில் மருந்து ஏற்ற வென்ஃப்ளான் என்கிற ஊசிக்குழாய், விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப். “அனஸ்தீசியா டாக்டர் எங்கே சிஸ்டர்?” என்றேன். “வந்துட்டே இருக்காரும்மா” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணே ஏதோ ஊசியை ஏற்றினாள். தலை லேசாகக் கிறுகிறுத்தது. அவ்வளவுதான். பரிசோதனை செய்கிற டாக்டர் வந்ததும் கேமரா குழாயை உள்ளே விட ஆரம்பித்துவிட்டார். “டாக்டர், நான் முழிச்சுட்டுதான் இருக்கேன்” என்றேன். “தூங்குங்கம்மா” என்றார், ஏதோ நான் அடம் பிடித்துக்கொண்டு விழித்திருப்பது மாதிரி.

காற்று ஏற ஏற வயிறு வெடித்துவிடும்போல் இருந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். குடல் வளைகிற இடத்தில் குழாய் திரும்பாமல் முட்டி, குடலையே இழுத்துக்கொண்டு போகும் பாருங்கள், அப்போது வந்த வலியை என் இரண்டு பிரசவத்திலும் நான் பார்த்ததில்லை. ஈரத்துணியைப் பிழிவதுபோல் உள்ளே யாரோ முறுக்கினார்கள். ஒரு சிஸ்டர் வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். “நிறுத்துங்க” என்று கத்தினேன். “ஆடாதீங்கம்மா, மூச்சை இழுத்து விடுங்க.” எதிரே டிவியில் என் குடல் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து போதவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்கலாம், அதற்குத்தான் கையில் அந்த ஊசிக்குழாய். யாரும் கூட்டவில்லை. அனஸ்தீசியா டாக்டர் கடைசி வரை வரவும் இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது அடுத்த கூத்து. ரிசப்ஷனில்: “சிலருக்கு மருந்து ஏறாது மேடம்.” டாக்டரிடம் கேட்டால்: “இது கான்ஷியஸ் செடேஷன்மா, கொஞ்சம் முழிப்பு இருக்கத்தான் செய்யும்.” பணம் வாங்கும்போது கண்ணை மூடித் திறக்கிற மயக்கம், கேள்வி கேட்கும்போது கொஞ்சம் முழிப்பு! மேனேஜர் என்று ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்: “உங்களுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கா? பொதுவா யாருக்கும் இருக்காதே. மருந்து வேகத்துல கனவு மாதிரி வந்திருக்கும்.”

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிய மருந்துக் குறிப்பில் மிடாசோலாம் 2 மில்லிகிராம் என்று மட்டும் இருந்தது. அது பதற்றத்தைக் குறைக்கும், நடந்ததையும் மறக்கடிக்கும். ஆனால் வலி நிவாரணி கிடையாது. வலிக்கு ஃபென்டனில் மாதிரி ஒன்றைக் கூடவே கொடுப்பார்கள். நன்றாகத் தூங்கவைக்க ப்ரோபோஃபால் என்று வேறு மருந்து உண்டு, மூச்சைக் கவனிக்க ஆள் வேண்டும் என்பதால் அனஸ்தீசியா டாக்டர் பக்கத்திலேயே இருந்து கொடுப்பது வழக்கம். எனக்கு இரண்டுமே இல்லை. ஆனால் பில்லில் ‘அனஸ்தீசியா நிபுணர் கட்டணம்’ என்று தனியாக ஒரு வரி! முன்னால் படுத்தவர்கள் எத்தனை பேர் கத்திவிட்டு மறந்துபோய் ‘ஒண்ணுமே தெரியலை’ என்று நல்ல பெயர் கொடுத்துவிட்டு வந்தார்களோ.

ரிப்போர்ட்டைப் பாருங்கள். ஒரு வரியில் ‘நோயாளி பரிசோதனையை நன்றாகத் தாங்கிக்கொண்டார்’. இரண்டு வரி தள்ளி, ‘நோயாளியின் அசௌகரியம் காரணமாகப் பாதியில் நிறுத்தப்பட்டது, மறுபரிசோதனை தேவை’. ஆக, 16,500 ரூபாய் கொடுத்து, வலியையும் தின்று, பெருங்குடலை முழுசாகப் பார்க்கவும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், அடுத்த தடவை அங்கேயே செய்துகொண்டால் தள்ளுபடி தருவார்களாம். இப்போது போன் செய்தால் ஹோல்டில் பாட்டுதான் ஓடுகிறது.

மயக்கமே இல்லாமல் இதைச் செய்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அது தெரிந்து எடுக்கிற முடிவு. நான் 7,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தது தூக்கத்துக்கு.

என்னென்ன கேட்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது தெம்பில்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

என்ன மருந்து, யார் கொடுப்பார் என்று பணம் கட்டும் முன் எழுதி வாங்குங்கள். ‘மயக்கம்’ என்று மொத்தமாகச் சொன்னால் விடாதீர்கள். அனஸ்தீசியா டாக்டர் முகத்தைப் பார்க்காமல் ஊசிக்குக் கை நீட்டாதீர்கள். வலித்தால் எப்படி நிறுத்துவீர்கள் என்று முன்பே கேளுங்கள். மருந்துக் குறிப்பு, ரிப்போர்ட், பிரித்துப் போட்ட பில் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறையிலேயே இருக்கிறது. இதைச் சொன்ன பிறகுதான் எனக்கே அந்தத் தாள் கிடைத்தது. காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். நான் போடப் போகிறேன். அந்த மையத்தில் இதேபோல் மாட்டியவர்கள் யாராவது இருந்தால், பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.