மாதவனின் ஆறே முக்கால் மணியும் மார்த்தாண்டத்துக் கிழங்கும்

நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணனாக நடிப்பதற்காக நடிகர் மாதவன் உடம்பை ஏற்றினார்; பிறகு 21 நாளில் இறக்கிவிட்டதாகச் சொன்னார். 2024-ல் அவர் வெளியிட்ட முறை இதுதான்: இடைவெளி விட்டு உண்பது, ஒவ்வொரு வாயையும் 45 முதல் 60 தடவை மெல்வது, கடைசிச் சாப்பாட்டை மாலை 6.45-க்கு முடிப்பது, பிற்பகல் 3 மணிக்கு மேல் பச்சையாக எதுவும் தொடாமல் இருப்பது, அதிகாலையில் நெடுநடை, படுக்கைக்கு 90 நிமிடம் முன்பே கைபேசியை வைத்துவிடுவது.

படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சம்பா அரிசிச் சோறும் தேங்காய் அரைத்த மீன்கறியும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் தின்று வளர்ந்த குமரி மாவட்டத்து உடம்புக்கு இதெல்லாம் ஒத்துவருமா? மாதவன் முறையோடு இன்னும் மூன்று பிரபல முறைகளையும் சேர்த்து நம் சாப்பாட்டோடு வைத்துப் பார்த்தேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நட்சத்திரங்களிடமிருந்து நேரத்தையும் அளவையும் கடன் வாங்கலாம், பொருள் பட்டியலை அவர்களிடமே விட்டுவிடலாம்.

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோவில் தொடங்குவோம், ஏனென்றால் நம் ஊர்ச் சாப்பாட்டோடு கொஞ்சமும் ஒத்துவராதது அதுதான். 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வலிப்பு நோய்க்காக வகுத்த உணவு முறை அது. இன்று நடிகர்கள் படப்பிடிப்புக்கு முன் இளைக்கக் கையில் எடுக்கிறார்கள். நாளொன்றுக்கு மாவுச்சத்து 20 முதல் 50 கிராம், அவ்வளவுதான். வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. கிழங்கில் 100 கிராமுக்கு 38 கிராம். நன்றாகப் பழுத்த பெரிய ஏத்தன்பழம் (நேந்திரம்) ஒன்றைக் காலையில் அவித்துத் தின்றால் அன்றைய கணக்கு கிட்டத்தட்ட முடிந்தது. ஆப்பம், புட்டு, இடியாப்பம், மட்டிப்பழம் எதற்கும் இடமில்லை. கல்யாண வீட்டில் இலை போட்டு அடைப்பிரதமன் ஊற்றும்போது கையை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு மாதம் இருக்கலாம். ஓணமும் கிறிஸ்துமசும் கோயில் கொடையும் வரும் ஒரு வருடம் இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

கீட்டோக்காரர்கள் தேங்காய் எண்ணெயைத் தலையில் வைத்துக் கொண்டாடுவதைப் பார்த்து நாம் மயங்கிவிடவும் கூடாது. அதில் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 12 கிராம் நிறைகொழுப்பு. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் வைக்கும் உச்சவரம்பு நாளுக்குச் சுமார் 22 கிராம். அவியல், துவரன், மீன்கறி என்று ஏற்கெனவே தேங்காயில் நீந்துகிற நாம், அதற்கு மேலும் ஊற்றினால் எங்கே போய் முடியும்?

அமெரிக்கக் கால்பந்தின் முன்னாள் வீரர் டாம் பிரேடியின் பட்டியலைச் சீக்கிரம் கடந்துவிடலாம். அவருடைய சமையல்காரர் 2016-ல் சொன்னபடி தக்காளி, குடைமிளகாய் உட்பட ­மிளகாய் வகை, கத்தரிக்காய், காளான், காப்பி, பால் பொருட்கள் எல்லாம் விலக்கு. மிளகாய் அரைக்காமல் மீன்கறி வைக்கச் சொல்லி எங்கள் அத்தையிடம் கேட்டால் "காய்ச்சலா மக்கா?" என்பார். தக்காளியும் கத்தரியும் வீக்கத்தை உண்டாக்கும் என்ற நம்பிக்கைக்கு, சாதாரண ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிடம் உறுதியான சான்றும் இல்லை.

ஆங்கிலப் பாடகி விக்டோரியா பெக்காம் கதை வேறு. 25 ஆண்டுகளாக அவர் தட்டில் தணலில் வாட்டிய மீனும் ஆவியில் வெந்த காய்கறியும்தான் என்று 2022-ல் கணவர் டேவிட் பெக்காம் சலித்துக்கொண்டார். இலண்டனில் அது கட்டுப்பாடு. குளச்சலிலும் முட்டத்திலும் பாதிச் சாப்பாடே அதுதானே! சாளையும் (மத்தி) அயிலையும் நெத்திலியும் வள்ளம் வந்த கையோடு வாங்கலாம். இதயத்துக்கு நல்லது என்று சொல்லும் ஒமேகா-3 கொழுப்புக்காகக் குளிர்பெட்டியில் பறந்து வரும் சால்மனைத் தேட வேண்டியதில்லை, சாளையிலேயே தாராளமாக இருக்கிறது. நட்சத்திர முறைகளில் நம் தட்டுக்கு மிக நெருங்கியது இதுதான். வித்தியாசம் மீனில் இல்லை. அவர் மீனைச் சுற்றிக் காய்கறி இருக்கிறது, நம் மீனைச் சுற்றிச் சோறு குவிந்திருக்கிறது.

அந்தக் குவியலை அளக்க ஒரு கோல் உண்டு. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் தந்த வழிகாட்டியில் 2000 கலோரிக்கு ஒரு நாள் தானியம் 250 கிராம், அதுவும் சமைக்கும் முன் எடை. காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம். நம் வீடுகளில் இந்த இரண்டும் தலைகீழாக இருக்கும். துவரனை ஓரத்தில் ஒரு கரண்டி வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா?" என்று மூன்றாம் தடவை கேட்பதுதான் நம் உபசாரம்.

கிழங்கையும் கெட்டவனாக்க வேண்டாம். அதுவே ஒரு காலத்தில் அரண்மனையிலிருந்து இறங்கிய உணவு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனி பயிரிடுவதை ஊக்குவித்தார். மக்களின் பயம் தெளிய அவரே அதைச் சமைக்கச் சொல்லி உண்டதாகக் கதை உண்டு. பயம் நியாயமானதுதான். கிழங்கில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது, அதனால்தான் அவித்த தண்ணீரை ஊற்றிக் களைகிறோம். மிஞ்சியதை உடம்பு முறிக்கப் புரதத்தில் உள்ள கந்தகச் சத்து வேண்டும், அது மீனில் இருக்கிறது. அரிசி கிடைக்காத இரண்டாம் உலகப்போர்க் காலத்தைத் தாண்ட உதவிய கிழங்கும் மீனும் என்ற ஜோடியை ருசிக்காக மட்டும் சேர்த்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கிழங்கை மட்டும் தேங்காய் போட்டு மசித்து மூன்று வேளையும் தள்ளினால் அது வேறு கணக்கு.

இனி மாதவனின் கடிகாரம். எனக்குப் பிடித்தது இதுதான், ஆனாலும் எல்லாருக்கும் இல்லை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன் மரத்தடியில் நிற்பார். அவரை மதியம் வரை பட்டினி போடும் முறை எந்த நட்சத்திரம் சொன்னாலும் தவறு. ஆழ்கடலுக்குப் போனவருக்கு ஆறே முக்காலாவது, ஏழே காலாவது! வடசேரியில் கடை அடைத்து ஒன்பதரைக்கு வீடு சேர்கிறவர் அந்த நேரத்தில் கல்லாவில் இருப்பார். ஆறு மணிக்கு அலுவலகம் விட்டு வந்து, சாயாவுடன் சுகியனும் பழபஜ்ஜியும் தின்று, பத்து மணிக்கு மறுபடி சோறுண்டு படுப்பவருக்குத்தான் இது மருந்து. சாயங்காலப் பலகாரத்தையும் ராத்திரிச் சோற்றையும் ஒன்றாக்கி, எட்டுக்குள் பயறும் கஞ்சியுமாக முடித்தாலே பாதி வேலை ஆயிற்று.

நேரத்துக்கு மந்திர சக்தி ஏதும் கிடையாது. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஓர் ஆண்டு பின்தொடர்ந்து 2022-ல் வெளியான ஆய்வில், எல்லாரும் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு பிரிவு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை சாப்பிட்டது. எடைக் குறைவில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. கடிகாரம் கொறிப்பதைத் தடுக்கிறது, அதுதான் அதன் பயன்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேளையைத் தள்ளக் கூடாது, சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்த நான்கில் எதுவுமே வேண்டாம்.

கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேலைக்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது மீன் விலை ஏறும், வீட்டில் கருவாடு இறங்கும். கருவாட்டில் உப்பு அதிகம், ரத்த அழுத்தக்காரர் அளந்துதான் தொட வேண்டும். அந்த மாதங்களில் சிறுபயறும் முட்டையும் மீன் இருந்த இடத்துக்கு வரட்டும், சோறு வர வேண்டாம்.